லிஃப்ட் நின்றது, லிஃப்ட்காரர் நடந்தார்

அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுபோன மத்தியானம், உள்ளே இருந்தவர் ஒரே ஒருவர்தான். அதை ஓட்டுகிறவர். அவர் மூக்குக்கு நேரே சிவப்பு நிறத்தில் அபாய மணியின் பொத்தான் இருந்தது. கைக்குழந்தைகூட அழுத்திப் பார்க்க ஆசைப்படும் பொத்தான். அவர் அதை அழுத்தவில்லை. முக்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். வெளியே நின்றவர்கள் காத்திருந்து அலுத்து, ஆள் எங்கேயோ டீ குடிக்கப் போய்விட்டான் என்று திட்டிவிட்டுப் படியேறிப் போனார்கள். மாலையில் கதவுகளைச் சாத்த வந்த காவலாளி, கம்பி இடுக்கு வழியாகப் பளபளப்பான இரண்டு ஷூக்களைப் பார்த்து அலறிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

ஏணி போட்டு இறக்கினார்கள். கணக்குப் பிரிவு அக்கா தண்ணீர் கொடுத்தார். நிர்வாக மேலாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"மணி அடிச்சிருக்கலாமேய்யா?"

லிஃப்ட்காரர் யோசித்தார். பேச்சுக்கு யோசிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார்.

"தோணல சார்."

இதைக் கடமை உணர்ச்சி என்று மேலாளர் எடுத்துக்கொண்டார். மேலாளர்களுக்கு அப்படி ஒரு கண் உண்டு. ஆனால் அந்த இரண்டு சொற்கள் அன்று மாலையே வீடு போய்ச் சேர்ந்தபோது, ரொட்டி ஆலையில் பொட்டலம் கட்டும் வேலை பார்க்கிற அவருடைய வீட்டம்மா, மடித்துக்கொண்டிருந்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மாட்டிக்கொண்டவன் மணி அடிக்காமல் இருந்தால் அதற்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆபீசில் லிஃப்ட்காரருக்கு 'பூட்டு' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். லிஃப்டுக்குள் முதுகுக்குப் பின்னால் என்பது ஒரு சாண் தூரம் என்பதால் அவருக்கும் அது தெரியும். தலையில் தொப்பி, சட்டையில் பித்தளைப் பொத்தான்கள், உட்கார முக்காலி, உச்சியில் கிறுகிறுக்கும் குட்டி விசிறி, ரசம் போன கண்ணாடி. இதுதான் அவருடைய ராஜ்ஜியம். காலையிலிருந்து மாலை வரை மனிதர்கள் அவரிடம் பேசியதெல்லாம் எண்கள். "மூணு." "அஞ்சு." "ரெண்டு, சீக்கிரம்." பதிலுக்கு அவர் கம்பிக் கதவை இழுத்துச் சாத்துவார். மலையேறுகிறவர்கள் ஆயுளில் தொடாத உயரத்தை அவர் வாராவாரம் தொட்டு இறங்கினார். காலை மட்டும் அசைத்ததில்லை.

அவர் பிறவியிலேயே பூட்டு அல்ல. கல்யாணமான புதிதில் விசில் அடித்துக்கொண்டேதான் சட்டை போடுவாராம். அந்த விசில் எந்த வருடம் நின்றது என்று வீட்டம்மாவால் சொல்ல முடியவில்லை. நீர்க்கசிவு போல அது மெல்ல வந்தது. முதலில் விசில் போனது. பிறகு ருசி போனது, பிறகு தூக்கம். கடைசியில், காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலுறையைக் கையில் பிடித்தபடி, அதை என்ன செய்வது என்று தெரியாதவர்போல் சுவரைப் பார்க்கும் நிலை வந்தது.

என்ன ஆச்சு என்று எல்லாரும் கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. கடன் இல்லை, சாவு இல்லை, சண்டை இல்லை. துக்கத்துக்கு ஒரு காரணத்தைக் காட்ட முடிந்தால் ஊர் கூடி வந்து உட்காரும். காரணமில்லாத துக்கத்தை யாரும் நம்புவதில்லை. சும்மா கொழுப்பு என்றுகூட ஒருவர் சொன்னார்.

தன் தம்பியிடம் வீட்டம்மா போனில் சொன்னது இவ்வளவுதான்: "உசுரோட இருக்காருடா. வீட்ல இல்ல."

தம்பி விளையாட்டுச் சாமான் கடையில் விற்பனையாளன். தன் புஜத்தைத் தானே ஆசையோடு பார்த்துக்கொள்ளும் ரகம். மறுநாளே, நின்ற இடத்திலேயே மிதிக்கிற ஓடாத சைக்கிள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மாமா இதில் உட்கார்ந்து மிதித்தால் ஒரே வாரத்தில் மனசு பஞ்சாகிவிடும் என்று உத்தரவாதம் கொடுத்தான். மாமா அந்தச் சைக்கிளையும் சுவரைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். பிறகு அதன் கைப்பிடியில் ஈரத்துண்டு ஏறியது, இருக்கையில் போர்வை ஏறியது. அந்த வீட்டில் பாரம் சுமந்த ஒரே உடற்பயிற்சிக் கருவி அதுதான்.

டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் கொஞ்சம் நடங்கள், அதுவும் மருந்துதான் என்றார். இவர் தலையாட்டினார். டாக்டரம்மா தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஆனால் காலுறை போடுவதற்கே காரணம் கிடைக்காத மனிதனுக்கு நடப்பதற்கு எங்கிருந்து காரணம் கிடைக்கும்? நடந்தால் நன்றாக இருக்கும் என்கிறோம். நன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணம்தானே அவரிடம் முதலில் திருடு போயிருந்தது.

இந்த இடத்தில்தான் நிர்வாகம் உள்ளே நுழைகிறது. நிர்வாகம் ஒருவரை வாழவைத்த சம்பவங்கள் குறைவு. அதனால் இதைப் பதிவு செய்வது நம் கடமை.

லிஃப்டுக்கு வேண்டிய பல்சக்கரம் கடல் தாண்டி வர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அந்த ஆபீசில் நெடுநாளைய வழக்கம் ஒன்று உண்டு. இயந்திரம் பழுதானால் அதை ஓட்டுகிறவர் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நகலெடுக்கும் இயந்திரம் படுத்துவிட்டால் அதன் ஆள் அதன் அருகே நாற்காலி போட்டு, நோயாளிக்குத் துணை இருப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். சரி, லிஃப்டுக்குப் பக்கம் என்பது எது? கதவு ஆறு மாடியிலும் இருக்கிறதே. தரைத்தளத்து ஆட்கள் எங்களிடம்தான் கூட்டம் என்றார்கள். ஆறாம் மாடியினர் எங்களுக்குத்தான் கஷ்டம் என்றார்கள். பழுது என்று பலகை மாட்டியிருந்தும், வருகிற ஜனம் பொத்தானை அழுத்திவிட்டு, மூடிய கதவைச் சாமி பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றது. அவர்களிடம் வாயால் சொல்ல ஓர் ஆள் வேண்டும். யார் மனமும் கோணாமல் மேலாளர் தீர்ப்பு எழுதினார்: லிஃப்ட்காரர், வேலை நேரத்தில், எல்லா மாடிகளிலும் இருக்க வேண்டும்.

ஒரே ஆள் எல்லா மாடிகளிலும் எப்படி இருப்பார் என்று மேலாளர் யோசிக்கவில்லை. லிஃப்ட்காரரும் கேட்கவில்லை. தனக்காக ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமலிருந்த மனிதர், உத்தரவு என்றதும் தொப்பியைச் சரி செய்துகொண்டு படியேற ஆரம்பித்தார்.

முதல் வாரம் அவலம். இரண்டாம் மாடி திரும்புவதற்குள் கெண்டைக்கால் கல்லாகிவிடும். பித்தளைப் பொத்தான் போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, மேலே பார்த்து, கீழே பார்த்து, இரண்டு பக்கமும் சமதூரம் என்று கண்டு, விதியே என்று ஏறுவார். மாடியில் நிற்கிறவர்களிடம், "லிஃப்ட் ஓடாதுங்க" என்று சொல்வதற்கு மூச்சு போதாமல் கையை மட்டும் ஆட்டுவார். அவர்கள் அதை வணக்கம் என்று நினைத்துத் திரும்ப வணக்கம் வைத்தார்கள்.

வீட்டில் அதைவிட வினோதம் நடந்தது. ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேசையிலேயே அவர் தூங்கிப்போனார். குறட்டை என்றால் அப்படி ஒரு குறட்டை, தட்டு அதிர்ந்தது. வருடக்கணக்கில் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்த மனிதரின் குறட்டையை அந்த அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழுவதுமாகக் கேட்டார். எழுப்பவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார். இருந்ததை எல்லாம் போட்டுவிட்டு, தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் வீட்டம்மா. அந்தக் கேள்விக்காக அவர் எத்தனை விதமாகச் சமைத்துப் பார்த்திருக்கிறார். கடைசியில் வழி காட்டியது ஒரு ஓட்டை லிஃப்ட்.

ஆபீசில் ஃபைல் தூக்கும் ஆள் ஒருவர் இருந்தார். ஓய்வுக்குச் சமீபத்தில் இருப்பவர், இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். மாடிக்கு மாடி ஃபைல் போய்ச் சேரும் வேகத்தை மெச்சி அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். லிஃப்ட் நின்றதில் உண்மையாகவே உயிர் போனது அவருக்குத்தான். ஒவ்வொரு படிக்கும் லிஃப்ட் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் இழுத்தார். எப்படியும் மேலேதான் போகிறேன், கொடுங்க என்று லிஃப்ட்காரர் அவர் கையிலிருந்த ஃபைல் கட்டை வாங்கிக்கொண்டார். மறுநாளும் வாங்கினார். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

படிக்கட்டில் இன்னொரு விஷயமும் இருந்தது. லிஃப்டில் மனிதர்கள் மேலே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். படியில், மூன்றாம் மாடித் திருப்பத்தில், பெரிய பதவி சின்னப் பதவி எல்லாம் ஒரே மாதிரி நாக்குத் தள்ளி நிற்கும். மூச்சு வாங்குகிறவனால் அந்தஸ்து காட்ட முடியாது. அப்படி ஒருநாள் கணக்குப் பிரிவு அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பின்னால் ஏறி வந்த குரல் ஒன்று சொன்னது:

"மெதுவா வாங்கக்கா. அஞ்சாம் மாடி எங்கயும் ஓடிடாது."

அக்கா திரும்பிப் பார்த்தார். படியில் பூட்டைத் தவிர யாருமில்லை. தன் இருக்கைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் மூச்சு வாங்காமலே செய்தி பரப்பினார்.

ஆனால் ஆபீஸ் முழுவதும் வாயடைத்துப்போனது வேறொரு நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம், எல்லா மாடியிலும் கண் சொருகும் நேரம். படிக்கட்டுக் கிணற்றின் அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. விசில். முதலில் துருப்பிடித்த கதவு மாதிரிதான் இருந்தது. ஒரு மாடி ஏறியதும் அதற்கு ஒரு மெட்டு வந்தது. உயரமான சுவர்கள் அதை வாங்கி வாங்கி மேலே கொடுத்தன. விசைப்பலகைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டு எழுந்து வந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார்கள். மாடிக்கு மாடி தலைகள். அடியில், கையில் ஃபைல் கட்டோடு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழுக்கை மின்ன ஒரு மனிதர் தன் பாட்டுக்குச் சீட்டியடித்தபடி ஏறி வந்துகொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை, கிண்டல் செய்யவில்லை. இந்தக் கட்டடத்தில் எதைப் பார்த்தாலும் ஒரு கிண்டல் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அன்று யாருக்கும் வாய் வரவில்லை. அவர் நான்காம் மாடியைத் தொடுவதற்குள் எல்லாரும் திருடர்கள் மாதிரி நழுவி அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அக்கா மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கணக்குப் போட்டார். அன்றைய கூட்டல் தப்பு.

அறுபது கிலோ சதையும் எலும்பும் படியில் ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். அது எப்படி ஒரு மனிதனின் உள்ளே போய், எங்கோ ஆழத்தில் அணைந்து கிடந்த அடுப்பை ஊதுகிறது? இதைக் கேட்டபோது டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்ததாம். எவ்வளவு சொல்லியும் நடக்காதவர் எப்படி நடந்தீர்கள் என்று அவர் விசாரித்ததற்கு, "லிஃப்ட் கெட்டுப்போச்சு டாக்டர்" என்று பதில் வந்ததுதான் காரணம். உடம்பு அசைந்தால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் மூளை தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும், ரத்தம் ஓடும், மனதை லேசாக்கும் ரசாயனங்கள் சுரக்கும் என்றெல்லாம் அவர் விளக்கினார். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். மாத்திரையும் இருக்கட்டும், மாடிப்படியும் இருக்கட்டும், இரண்டும் சண்டை போடாது. வீட்டம்மாவின் தம்பி, நான் அப்போதே சொன்னேனே என்று புஜத்தைத் தடவிக்கொண்டான். சைக்கிளின் மேல் அப்போதும் போர்வை காய்ந்துகொண்டிருந்தது.

எல்லா நாளும் விசில் நாளாக இருந்ததாக நினைத்துவிட வேண்டாம். பழைய சாம்பல் நிறம் சில காலைகளில் திரும்பி வந்தது. அந்த நாட்களில் அவர் வாய் திறக்காமல் ஏறினார், வாய் திறக்காமல் இறங்கினார். மாலையாகும்போது சாம்பல் கொஞ்சம் வெளுத்திருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. ஆனாலும் தூங்கினார்.

பிறகு பல்சக்கரம் வந்து சேர்ந்தது.

லிஃப்ட் ஓடியதைக் கட்டடமே கொண்டாடியது. மேலாளர் முதல் ஆளாக ஏறி, ஆறாம் மாடியில் இறங்கி, கை தட்டல் வாங்கினார். முக்காலியைத் துடைத்துப் போட்டார்கள். லிஃப்ட்காரர் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மூணு," என்றார் ஒருவர். கம்பிக் கதவு சாத்திக்கொண்டது.

சாயங்காலம் வெளியே நடக்கலாமே என்று வீட்டம்மா சொல்லிப் பார்த்தார். சரி என்றார், போகவில்லை. முதலில் பசி குறைந்தது. பிறகு குறட்டை நின்றது. ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டம்மா திரும்பிப் பார்த்தபோது, அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் காலுறை. மற்றது கையில்.

அந்த அம்மா தோள்பையை இறக்கி வைத்தார். முதல் தடவை அது என்னவென்று தெரியாமல் வந்தது. இப்போது வழி தெரிந்து வந்திருக்கிறது. மனிதர் மறுபடி அந்தக் குழிக்குள் போனால் இன்னொரு சக்கரம் உடைந்து அவரைக் காப்பாற்றும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ரொட்டி ஆலை எப்படியோ போகட்டும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"போய்க் கேளுங்க."

அவர் கையிலிருந்த காலுறையைத் திருப்பிப் பார்த்தார். "என்னன்னு கேக்கச் சொல்ற? லிஃப்ட்ட உடைச்சுக் குடுங்கன்னா?"

அந்தக் குரலில் ஒரு இழை அளவு குறும்பு இருந்தது. வீட்டம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எக்ஸ்பிரஸ் வேலைய கேளுங்க."

அது கீழ்ப்படி வேலை. தொப்பி கிடையாது, முக்காலி கிடையாது, பித்தளைப் பொத்தான் கிடையாது. யார் கூப்பிட்டாலும் ஓட வேண்டும். அந்த ஆபீஸ் தோன்றிய நாளிலிருந்து மேலே போக வேண்டும் என்று மனு கொடுத்தவர்கள் கோடி. கீழே இறக்குங்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்பது எப்படி என்றே யாருக்கும் தெரியாது.

அவர் கேட்டார். லிஃப்டை ஆறாம் மாடியில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துவிட்டு, மேலாளர் அறைக்குள் நுழைந்து கேட்டார். மேலாளர் முதலில் இதைப் போராட்டம் என்று நினைத்தார். யாராவது ஏதாவது சொன்னார்களா, யார் தூண்டிவிட்டது என்று துருவினார். பிறகு குரலைத் தாழ்த்தி, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்றார். கீழே கம்பிக் கதவுக்கு வெளியே ஜனம் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் அவ்வளவு நீளமாக அந்த அறையில் பேசியதே இல்லை.

"அந்தப் பெட்டிக்குள்ள உட்கார்ந்தா, நான் அப்படியே உட்கார்ந்துடுறேன் சார். வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்தேதான் இருக்கேன். படியேறினப்ப நான் நல்லா இருந்தேன். நல்லா இருக்கணும்னு இருக்கு சார்."

கடைசி வாக்கியம்தான் வருடக்கணக்கில் அவர் வாயில் வராமலிருந்த வாக்கியம். மேலாளர் பேனாவை மூடினார், திறந்தார். அவரும் அன்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்த தலைகளில் ஒன்று. அதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. எக்ஸ்பிரஸைக் கூப்பிட்டு, முக்காலியில் உட்காரச் சம்மதமா என்று கேட்டார். எக்ஸ்பிரஸ் முழங்காலைத் தடவிக்கொண்டே நேராகப் போய் லிஃப்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். நிர்வாக நலன் கருதி என்று ஓர் உத்தரவு பிறந்தது. நிர்வாகத்துக்கு என்ன நலன் என்று அதில் எழுதவில்லை.

சில வாரங்கள் கழித்து, ஆலை வேலை சீக்கிரம் முடிந்த ஒரு நாள், வீட்டம்மா சாப்பாட்டுப் பையோடு ஆபீசுக்கு வந்தார். வாங்கம்மா, ஏறுங்க என்று எக்ஸ்பிரஸ் மாப்பிள்ளைத் தோரணையில் கம்பிக் கதவைத் திறந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் படியைப் பிடித்தார். மூன்றாம் மாடித் திருப்பத்தில், ஊரையே மலைக்கவைக்கும் அந்த இடத்தில், அவருக்கும் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்துகொண்டார். கீழே யாரோ ஏறி வரும் சத்தம். ஃபைல் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வெறும் தலையோடு, வேர்த்து விறுவிறுத்து அவர் கணவர் வந்தார். வாயில் விசில் இல்லை. ஃபைலை மாற்றிக் கொடுத்து அனுப்பியதற்காக யாரையோ முணுமுணுவென்று திட்டிக்கொண்டிருந்தார். நல்ல, ஆரோக்கியமான, சத்துள்ள திட்டு.

மனைவியைப் பார்த்ததும் திட்டை நிறுத்தினார். பக்கத்தில் படியில் உட்கார்ந்து, அந்த அம்மாவுக்கு மூச்சு திரும்பும்வரை காத்திருந்தார்.

"இத அஞ்சாம் மாடியில திருப்பிக் குடுக்கணும். நீ இங்கயே இரு, வந்துடுறேன்."

வீட்டம்மா மேலே வளைந்து வளைந்து போகிற படிகளை ஒரு தடவை பார்த்தார். சாப்பாட்டுப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஃபைல் கட்டைத் தான் வாங்கிக்கொண்டார்.